உரித்தது

படங்களுக்கு அடியிலிருந்த பிரெஞ்சு வரிகளை
வெள்ளைத் தாள் ஒட்டி மூடியிருக்கிறேன்.
வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரியும்,
நனைந்த சட்டைக்குள் பனியன் போல.

மாஹேபூர். வியாழக்கிழமை, மூன்றாம் பாடவேளை.
பிள்ளைகள் அவரவர் மொழிக்குப் பிரிந்து போனபின்
எனக்கு மிஞ்சுவது நான்கு பேரும்
படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையும்.
பதிவேட்டில்
மூத்து, பாவாடே, வீராசாமி, சின்னாப்பென்.
எந்தத் துறைமுகத்திலோ
காதில் விழுந்தபடி எவனோ எழுதிய பிழைகள்.
கூப்பிட்டால் இன்று எழுந்து நிற்கின்றன.

முதல் பக்கத்தில் பாறை.
பாறை மாதிரியே ஒரு பிராணி.
இது என்ன?
பாடத்திட்டத்தின் விடை பேய்க்கணவாய்.
நால்வரும் ஒருசேரச் சொன்னார்கள்: உரித்.

உரித்தை அவர்களுக்குத் தெரியும்.
கொடியில் காய்வதைத் தெரியும்,
ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் தெரியும்,
பிடிக்கக் கூடாத மாதங்கள்கூடத் தெரியும்.
பேய் எங்கே என்று
படத்தில் தேடிக்கொண்டிருந்தான் கேஸ்வென்.

உரித் வந்தானா, வந்தாளா, வந்ததா?
கேட்டது நானல்ல, தமிழ்.
கிரியோலில் ‘லி’ போதும்.
அவனும் லி, அவளும் லி, அதுவும் லி.
கதவைத் திறந்தபின் யாரென்று பார்த்துக்கொள்ளலாம்.
நம் மொழியோ வாசலிலேயே நிறுத்தி
வினையின் வாலைத் தூக்கிப் பார்த்து
எந்தத் திணை என்று விசாரித்துத்தான் உள்ளே விடும்.
சுங்கச்சாவடி தோற்றது.

கரும்பலகையில் மூன்று கதவு வரைந்தேன்.
லொவீணா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டாள்:
இரண்டு கை உள்ள நான் உயர்திணை,
எட்டுக் கை உள்ளது எப்படி அஃறிணை?
நூலில் விடை இருக்கிறது. சொன்னேன்.
என் காதுக்கே அது எடுபடவில்லை.

படத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்,
சொல் தெரியாத இடத்தில் கோடு போடுங்கள் என்றேன்.
நான்காம் பக்கத்தில்
மெலிஷா பாவாடே கோடு போடவில்லை.

உரித் உரித்தது.

இது என்னடி?
சுவரிலிருந்த அட்டையைக் காட்டினாள்.
கடித்தது, குடித்தது, நடித்தது.
‘தது’வை அங்கே கழற்றி
என் உரித்தில் மாட்டினேன், மிஸ்.
மழை பெய்யும், நாய் குரைக்கும்,
உரித் என்ன செய்யும்? உரித்தும்.

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன்.
அவளுக்குத் தெரியாத உரித்தல்களெல்லாம்
எனக்குள் வரிசையில் வந்து நின்றன:
வெங்காயம், வாழைப்பழம், பாம்பின் சட்டை.
நான்காம் பக்கத்தில் அந்தப் பிராணியோ
பாறையின் நிறத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு
மணலாகக் கிடந்தது.

எதை உரித்தது? அதை மட்டும் சேர் என்றேன்.
இரண்டாம் வேற்றுமை,
மூன்று வாரமாக எந்த மண்டையிலும் ஏறாதது,
தானாக வந்து உட்கார்ந்தது.
நிறத்தை உரித்தது.
பயத்தை உரித்தது.
கணக்கு மிஸ்ஸை உரித்தது என்றான் கேஸ்வென்.
இலக்கணப்படி சரி.
‘அப்பா கடலில் உரித்தார்’ என்று ஒரு வரி
நோட்டின் ஓரத்தில் இருந்தது.
எந்த அகராதியில் வைத்துத் திருத்துவது?
மரியாதை விகுதி மட்டும் பிசகவில்லை.
ஆய்வாளர் வந்தால் அந்தப் பக்கத்தைப்
புரட்டுவேனா, தெரியாது.

கடைசிப் படம் முழுக்கக் கறுப்பு.
மை என்றேன்.
பிடிக்க வந்தால் பீச்சிவிட்டு ஓடிவிடும்.
பேனாவில் இருப்பது?
அதுவும் மைதான்.

பருவம் முழுக்க வாய் திறக்காத சின்னாப்பென்
மெதுவாகக் கேட்டான்:
அப்போ லி என்ன எழுதினது?

மணி அடித்தது.
மற்ற மூவரும் படிக்கட்டில் ஏறிவிட்டார்கள்.
அவன் மட்டும்
புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு
நான் ஒட்டிய தாளின் ஓரத்தை
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.